சிரிப்பையும் சேர்த்துக் காப்போம்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் காலை நேர மின்சார ரயிலில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். முதல் ஷிப்ட் வேலைக்குச் செல்லும் தொழிலாளி ஒருவர் சன்னலோரம் அமர்ந்திருப்பார். காதில் இயர்போன் இருக்கும். மீஞ்சூரையோ பொன்னேரியையோ ரயில் கடக்கும்போது அவர் திடீரெனத் தனக்குத்தானே சிரிப்பார். எதிரே இருப்பவர் முதலில் திகைத்துப் பார்த்துவிட்டு, காரணம் விளங்கியதும் தாமும் புன்னகை செய்வார்.

அவர் கேட்டுக்கொண்டிருப்பது பெரும்பாலும் பாட்டாக இருப்பதில்லை. ஏதோ ஓர் ஊர்த் திருவிழாவில் நடந்த பட்டிமன்றமாகவோ, பல ஆண்டுகளுக்கு முன் வானொலியில் ஒலித்த குட்டிக் கதையாகவோ, கோயில் முன்றிலில் நிகழ்ந்த சொற்பொழிவாகவோ இருக்கும். அந்தக் குரலுக்கு உரியவர்களில் பலர் இன்று நம்மிடையே இல்லை. ஆயினும் அன்று ஒரு கூட்டத்தைச் சிரிக்கவைத்த சொல், இன்று காலை ஒரு தனி மனிதரையும் சிரிக்கவைக்கிறது. இந்தப் பதிவுகள் எவ்வாறு உருவாயின, அவற்றில் எது பதிவாகியிருக்கிறது, அதில் எதை நாம் இழந்துகொண்டிருக்கிறோம் என்பன எண்ணிப் பார்க்க வேண்டியவை.

சிரிப்பை நம் முன்னோர் அற்பமாகக் கருதவில்லை. தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளில் முதலில் வைக்கப்பட்டிருப்பது நகை. ஏளனம், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கும் அது தோன்றும் இடங்கள் என்பது அந்நூலின் கருத்து. நான்கிலும் பொதுவாக இருப்பது ஒன்று: நகைக்க ஒருவர் போதாது. நகைப்பவரும் நகைக்கு இடமானவரும் வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரொவைன் 1989-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மனிதர்கள் தனிமையில் இருப்பதைவிடப் பிறருடன் இருக்கும்போது ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று குறிப்பிட்டார். அப்படியானால் ரயிலில் தனியே அமர்ந்திருப்பவர் சிரிப்பது எப்படி? அவர் தனியாக இல்லை என்பதே விடை. பதிவில் பேச்சாளரோடு அன்றைய கூட்டமும் இருக்கிறது. அந்தக் கூட்டத்தின் சிரிப்பு, காலத்தைக் கடந்து அவரையும் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது.

ஒலிப்பதிவின் தொடக்கக் காலத்தில் இது இயலாததாக இருந்தது. தாமஸ் ஆல்வா எடிசன் ஃபோனோகிராஃபை உருவாக்கியது 1877-இல். கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பெர்க் 1902-இல் கொல்கத்தாவுக்கு வந்து இந்தியக் குரல்களைப் பதிவுசெய்தார். அதே பயணத்தில் 1903-இல் தோக்கியோ சென்ற அவர், ‘ரகுகோ’ எனப்படும் ஜப்பானிய நகைச்சுவைக் கதை சொல்லும் கலையையும் பதிவுசெய்தார். இசைக்கு அடுத்தபடியாக வேடிக்கைக் கதையும் ஒலித்தட்டில் ஏறத்தக்கது என்பதைத் தொழில் தொடங்கிய காலத்திலேயே உணர்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் ஓடும். பேச்சாளர் பெரிய குழல் ஒன்றின் முன் நின்று உரக்கப் பேச வேண்டும். கூட்டத்துக்கு அங்கே இடமில்லை. மூன்று நிமிடத்துக்குள் கதையும் முடிய வேண்டும், சிரிப்பும் வர வேண்டும் என்றால் கதை சொல்பவர் என்னதான் செய்வார்? தமிழில் நாடகங்களைப் பல தட்டுகள் கொண்ட தொகுப்புகளாக வெளியிட நேர்ந்ததும் இதனால்தான்.

பின்னர் நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டுகள் வந்தன. பாடல்களோடு திரைப்படங்களின் கதை வசனமும் தட்டுகளில் விற்பனையாயின. 1965-இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்தில் தருமியாக நாகேஷ் புலம்பும் காட்சியைப் படம் பார்த்து அறிந்தவர்களைக் காட்டிலும், கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் கட்டப்பட்ட கூம்பு ஒலிபெருக்கி வழியே கேட்டு அறிந்தவர்கள் அதிகம் என்றால் மிகையாகாது. வசனத்தை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த சிறுவர்கள் ஊருக்கு ஊர் இருந்தனர். அங்கே சிரிப்பு தட்டில் இல்லை. ஒலிபெருக்கியின் கீழே நின்றவர்களிடம் இருந்தது.

நகைச்சுவைப் பேச்சுக்கும் கதைக்கும் நம் மண்ணில் அதற்கு முன்பே வலுவான மரபு இருந்தது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், கதாகாலட்சேபத்தின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு, கல்வியின் சிறப்பைச் சொல்லும் ‘கிந்தனார்’ கதையை 1949-இல் வெளியான ‘நல்லதம்பி’ படத்தில் நிகழ்த்தினார். அவருடைய குழுவோடு தொடர்புகொண்டிருந்த சுப்பு ஆறுமுகம், வில்லுப்பாட்டை நகரத்து மேடைகளுக்கும் வானொலிக்கும் கொண்டுவந்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் அடுத்த ஆண்டு மறைந்தார். திருமுருக கிருபானந்த வாரியார் தம் சொற்பொழிவின் நடுவே முன்வரிசையில் இருக்கும் சிறுவர்களிடம் கேள்வி கேட்பார். சிறுவன் சொல்லும் பதிலும், அதைக் கேட்டுக் கூட்டம் எழுப்பும் ஆரவாரமும், வாரியார் அதற்குத் தரும் மறுமொழியும் சேர்ந்ததுதான் அந்தச் சொற்பொழிவு. அதை அச்சிட்டால் புராணக் கதை கிடைக்கும். அந்த மாலைப்பொழுது கிடைக்காது.

வானொலி வேறொரு வழியைக் கண்டது. ஒலிப்பதிவு அறையில் கூட்டம் இருக்காது. சென்னை வானொலியில் ‘இன்று ஒரு தகவல்’ நிகழ்ச்சியை வழங்கிய தென்கச்சி கோ. சுவாமிநாதன், எதிரே ஒருவர் மட்டும் இருப்பதுபோல, குரலை உயர்த்தாமல் பேசினார். செய்தியைச் சொல்லி, இறுதியில் ஒரு வேடிக்கைக் கதையோடு முடிப்பார். கேட்பவர் சிரிப்பார், சொல்பவர் சிரிப்பதில்லை. தேநீர்க் கடையிலும் சமையலறையிலும் ஒலித்த வானொலிப் பெட்டிகளைச் சுற்றி நின்ற லட்சக்கணக்கானோரே அவருடைய அவையினர். 2009-இல் அவர் மறைந்த பிறகும் அக்குரல் கைப்பேசிகளில் உலவுவதற்குக் காரணம், அது முதலிலிருந்தே ஒரு தனி மனிதரின் காதுக்காகப் பேசப்பட்டது என்பதே.

கடலுக்கு அப்பால் இலங்கை வானொலியும் இதில் பெரும் பங்காற்றியது. எஸ். ராமதாஸ் எழுதிய ‘கோமாளிகள் கும்மாளம்’ என்ற வானொலி நாடகம் பெற்ற வரவேற்பினால், 1976-இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் அது வந்தது. யாழ்ப்பாணத் தமிழ், முஸ்லிம்களின் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ் ஆகியவை ஒரே வீட்டுக்குள் மோதிக்கொள்வதே அதன் நகைச்சுவை. எழுத்தில் அந்த வேறுபாட்டைப் பாதிதான் காட்ட முடியும். மீதி உச்சரிப்பில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருந்துவருகிறது. ஊரை விட்டு வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும், தம் பாட்டனார் காலத்து ஊர்ப் பேச்சு எவ்வாறு ஒலித்தது என்பதை உணர்த்த இத்தகைய பதிவுகளைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

எல்லாவற்றையும் மாற்றியது ஒலிநாடா. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய கேசட், 1980-களில் இந்தியாவின் சிற்றூர்கள் வரை வந்துசேர்ந்தது. 90 நிமிட நாடாவில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம் கிடைத்தது. பேச்சாளர் மெதுவாகத் தொடங்கி, கிளைக்கதை சொல்லி, மறந்ததுபோல் நடித்து, மீண்டும் பொருளுக்கு வந்து, எதிர்பாராத இடத்தில் சிரிப்பை வரவழைப்பதற்கு வேண்டிய நேரம் முதன்முறையாகப் பதிவிலும் வாய்த்தது. எஸ்.வி. சேகர், கிரேசி மோகன் ஆகியோரின் மேடை நாடகங்களும், திண்டுக்கல் ஐ. லியோனி போன்றோரின் பட்டிமன்றங்களும் அரங்கத்தின் சிரிப்பொலியோடு வீடுகளுக்குள் நுழைந்தன. பாப் நியூஹார்ட் என்ற அமெரிக்கரின் நகைச்சுவைப் பேச்சுத் தட்டு, 1960-இல் அரங்கில் இருந்தோரின் சிரிப்போடு பதிவாகி, ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதை இசைத்தொகுப்புகளை முந்திப் பெற்றது. கூட்டம் இல்லாமல் நகைச்சுவை பாதிதான் என்பதை உலகெங்கும் பதிவு நிறுவனங்கள் அறிந்திருந்தன.

விற்பனைக்கு வந்த கேசட்டுகளின் எண்ணிக்கையைவிட, விற்பனைக்கு வராதவை மிகுதி. திருவள்ளூர் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். வட தமிழகத்தின் பிற மாவட்டங்களைப் போலவே இங்கும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடக்கிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. கூத்தில் வரும் கட்டியங்காரன், புராணத்துக்கும் ஊருக்கும் நடுவில் நிற்பவன். அரசனை அறிமுகம் செய்துகொண்டே அவ்வூர்க் குடிநீர்க் குழாயையும் பஞ்சாயத்துத் தேர்தலையும் கேலி செய்வான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையிலும் ஆலைகள் வந்தபின், வயலை விட்டு வேலைக்குப் போனவர்களின் கதையும் இயல்பாகவே கேலிக்குள் வந்துவிடும். தொழிற்சாலை ஆயுத பூஜையிலும் மே தின விழாவிலும் பட்டிமன்றம் நடத்தும் வழக்கமும் உண்டு. அங்கே மேற்பார்வையாளரும் தொழிலாளியும் ஒரே கேலிக்கு ஒரே நேரத்தில் சிரிக்க நேர்கிறது. வேறெந்த ஆவணத்திலும் கிடைக்காத ஊர் வரலாறு இது.

இவற்றைப் பதிவுசெய்தவர்கள் யார்? பெரும்பாலும் ‘மைக் செட்’ காரர்கள். ஒலிபெருக்கியோடு ஒரு டேப் ரெக்கார்டரையும் இணைத்து, விழாக்குழுவினர் கேட்டதற்காகவோ தம் ஆர்வத்துக்காகவோ அவர்கள் பதிந்தார்கள். அடுத்த ஊர்த் திருவிழாவில் கூத்து தொடங்குமுன் கூட்டம் சேர்க்க அதையே ஒலிபரப்பினார்கள். அந்த நாடாக்களில் பல, இன்றும் கடையின் பரண்மேல் அட்டைப் பெட்டிகளில் கிடக்கின்றன. பலவற்றின்மேல் ஊரும் இல்லை, தேதியும் இல்லை.

அவை அப்படியே கிடந்தால் நிலைத்திருக்கும் என்று எண்ணுவது தவறு. ஒலிநாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின்மேல் காந்தத் துகள்களைப் பசைபோன்ற ஒரு பொருளால் ஒட்டி உருவாக்கப்படுவது. காற்றின் ஈரம் அந்தப் பிணைப்பைச் சிதைக்கிறது. நாடா பிசுபிசுப்பாகி, ஓடும்போது துகள்கள் உதிர்கின்றன. உதிர்ந்த துகளோடு குரலும் போய்விடுகிறது. பழவேற்காடு முதல் எண்ணூர் வரையிலான கடலோரப் பகுதியின் ஈரக் காற்றும் வெப்பமும் பூஞ்சைக்கு ஏற்றவை. சுற்றிவைக்கப்பட்ட நாடாவில் ஓர் அடுக்கின் காந்தப் பதிவு அடுத்த அடுக்கில் படிந்து, சொல்லுக்கு முன்பே அச்சொல்லின் நிழலொலி கேட்பதும் உண்டு. எதிர்பாராத இடத்தில் சொல்லப்பட வேண்டிய ஒரு சொல் முன்கூட்டியே கிசுகிசுப்பாகக் கேட்டுவிட்டால் நகைச்சுவை என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் கருவி வேண்டும். கருவிகள் உற்பத்தி அருகிவிட்டது. பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டனர். காந்த ஒலிநாடாக்களைக் கேட்பதற்கான வசதிகள் 2025-ஐ ஒட்டி அரிதாகிவிடும் என்று யுனெஸ்கோவும் பன்னாட்டு ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கமும் 2019-இல் இணைந்து எச்சரித்தன. அந்த ஆண்டும் வந்துவிட்டது.

இன்னொரு வகை இழப்பு நம் கண்ணெதிரே, காதெதிரே நடக்கிறது. இரண்டு மணி நேரப் பட்டிமன்றம் ஒரு நிமிடத் துணுக்குகளாக வெட்டப்பட்டு உலவுகிறது. துணுக்கினால் பயன் இல்லை என்று கூற முடியாது. முழு உரையைத் தேடிச் செல்லப் பலரை அதுவே தூண்டுகிறது. ஆனால் நகைச்சுவை என்பது ஏறிவரும் படிகளின் முடிவில் இருப்பது. பேச்சாளர் பத்து நிமிடத்துக்கு முன் சாதாரணமாகச் சொல்லிவைத்த ஒரு சொல்லை மறுபடி எடுக்கும்போதுதான் அரங்கம் அதிர்கிறது. வெட்டியெடுத்த துணுக்கில் அந்தப் படிகள் இல்லை. எந்த ஊர், எந்த ஆண்டு, யாரை நோக்கிச் சொன்னது என்பதும் இல்லை. கேலி பேசியவர் மறுகணம் தன்னையே கேலி செய்துகொண்ட பகுதி விடுபட்டால், நகைச்சுவை வசையாக மாறிவிடவும் கூடும். ஒலியைத் தூய்மையாக்கும் மென்பொருள்களும் இங்கே எச்சரிக்கையோடு கையாளப்பட வேண்டியவை. பேசுபவரின் குரலை மட்டும் பிரித்தெடுக்கும் முயற்சியில், கூட்டத்தின் சிரிப்பையும் கைத்தட்டலையும் அவை இரைச்சலென நீக்கிவிடக்கூடும். பின்னர் அப்பதிவைக் கேட்பவர், வெற்று அறையில் ஒருவர் காரணமின்றி இடையிடையே நிறுத்திப் பேசுவதைத்தான் கேட்பார்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. வீட்டிலோ கோயிலிலோ தொழிற்சங்க அலுவலகத்திலோ பழைய பேச்சு நாடா இருந்தால், முதலில் அதன் மேல்விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்டிக் தடுப்புகளை உடைத்துவிட வேண்டும். அதன்பின் தவறுதலாக அதன்மேல் வேறொன்றைப் பதிவுசெய்ய முடியாது. பாட்டுப் பதிவுக்காக அழிக்கப்பட்ட பேச்சுகள் ஏராளம். இரண்டாவதாக, நினைவுள்ளவர்களிடம் கேட்டு ஊர், ஆண்டு, விழா, பேசியவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து நாடாவோடு வைக்க வேண்டும். நாடாவை அடுத்த ஆண்டுகூட மாற்றிப் பதிந்துவிடலாம். நினைவுள்ள முதியவர் அடுத்த ஆண்டு இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. மூன்றாவதாக, பூஞ்சை படிந்த நாடாவை ஆர்வ மிகுதியால் கருவியில் இட்டு ஓட்டாமல், அறிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யவேண்டும். கணினியில் ஏற்றும்போது, சுருக்கப்படாத கோப்பாக, 24 பிட் அளவில், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸில் முழுமையாகப் பதிவுசெய்துகொள்வது நல்லது. கைப்பேசியில் பகிர்வதற்கான சிறிய கோப்பை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மூலத்தில் வெட்டலும் ஒட்டலும் கூடாது.

சட்டம் குறித்த தயக்கம் பலருக்கு உண்டு. அது நியாயமான தயக்கமே. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பொது இடத்தில் ஆற்றப்பட்ட உரையின் முதல் உரிமையாளர் அதை ஆற்றியவரே, பதிவுசெய்தவர் அல்லர். சொற்பொழிவு ஆற்றுபவரும் சட்டத்தின் பார்வையில் நிகழ்த்துநர் என்பதால், அவருக்கு 50 ஆண்டுகள் உரிமை உண்டு. எனவே ஒரு பேச்சாளரின் பதிவை அவரையோ அவர் குடும்பத்தாரையோ கேளாமல் வெளியிட்டு வருவாய் ஈட்டுவது முறையல்ல. ஆனால் வணிக நோக்கமற்ற பொது நூலகம், தன்னிடம் உள்ள ஒரு படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்னணு வடிவில் சேமித்துவைக்க 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது. காப்பது வேறு, வெளியிடுவது வேறு. முன்னதைச் செய்யச் சட்டம் தடையாக இல்லை.

ஆகவே இப்பணியின் இயல்பான இல்லம் நூலகம். சென்னையில் 1994-இல் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், ஈழத்து ஆவணங்களுக்காக 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனமும் தமிழ் ஆவணங்களை மின்னணு வடிவில் காக்க முடியும் என்பதைச் செய்துகாட்டியுள்ளன. மாவட்ட மைய நூலகங்கள் ஒவ்வொன்றிலும் பழுதுபார்க்கப்பட்ட ஒரு கேசட் கருவியும், ஒரு கணினியும், பயிற்சி பெற்ற ஒருவரும் இருந்தால், அந்தந்த மாவட்டத்து நாடாக்களை ஏற்றுக்கொள்ள முடியும். பொன்னேரி அரசுக் கலைக் கல்லூரி போன்ற நிறுவனங்களின் தமிழ்த்துறை மாணவர்கள், ஊர் ஊராகச் சென்று மைக் செட் காரர்களிடமும் விழாக்குழுவினரிடமும் உள்ள நாடாக்களைப் பட்டியலிடுவதைத் தங்கள் களப்பணியாகக் கொள்ளலாம். தொழிற்பேட்டை நிறுவனங்கள் தம் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கினால், அது அவர்களுடைய தொழிலாளர்களின் வரலாற்றுக்கே செய்த செலவாகும். உலக ஒலி, ஒளி மரபுச் செல்வ நாள் ஆண்டுதோறும் அக்டோபர் 27 அன்று வருகிறது. நாடா சேகரிப்பு முகாம் நடத்த அந்த நாளைவிடப் பொருத்தமானது எது?

ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே. சாமிநாதையரின் உழைப்பைப் போற்றும் சமூகம் நாம். சுவடியைக் கரையானும் வெள்ளமும் தின்றது போல, நாடாவை ஈரமும் மறதியும் தின்றுகொண்டிருக்கின்றன. சுவடியில் நம் புலவர்களின் சொல் இருந்தது. நாடாவில் நம் பேச்சாளர்களின் சொல்லோடு, அதைக் கேட்டு மகிழ்ந்த நம் பெற்றோரின், பாட்டன் பாட்டியரின் சிரிப்பும் இருக்கிறது. நிழற்படத்தில் அவர்கள் முகத்தைக் காணலாம். அவர்கள் மனம்விட்டுச் சிரித்த ஒலி வேறெங்கும் இல்லை.

கும்மிடிப்பூண்டி ரயிலில் தனியே சிரிக்கும் அந்தத் தொழிலாளிக்கு, என்றோ ஒரு கோயில் முன்றிலில் மணலில் அமர்ந்திருந்த கூட்டம் துணைக்கு இருக்கிறது. அடுத்த தலைமுறையினரும் அக்கூட்டத்தில் போய் அமர வேண்டுமானால், பரண்மேல் உள்ள பெட்டியை இந்த வாரமே இறக்கிப் பார்க்க வேண்டும்.